அர்னுல்ஃப் ரைனர்: படத்தின் மேல் படம் தீட்டியவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரிய ஓவியர் அர்னுல்ஃப் ரைனரின் புகழ்பெற்ற கித்தான்களுக்கு முன்னால் முதன்முறையாக நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: படம் எங்கே? முழுக்கக் கருமை படர்ந்த பரப்பு, அதன் ஒரு மூலையில் விரற்கடை அளவுக்கு விடப்பட்ட வெண்மை, அவ்வளவுதான் கண்ணில் படுகிறது. அந்தக் கேள்வியையும் அதைத் தொடர்ந்து வரும் மற்றக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கையையும் பணியையும் இங்கே விளக்க முயன்றிருக்கிறோம்.

ரைனர் யார்? எங்கே பிறந்தார்?

1929ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், வியன்னாவுக்குத் தெற்கே உள்ள பாடன் என்னும் சிறு நகரத்தில் பிறந்தார். கந்தக வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் அரூப ஓவியத்துக்கு வழி திறந்த மிகச் சிலரில் அவரும் ஒருவர். ஏற்கெனவே உள்ள படத்தின் மீது வண்ணம் பூசி அதை மெல்ல மெல்ல மூடும் முறை அவருடைய அடையாளமாக ஆயிற்று. ஜெர்மன் மொழியில் இதை ‘ஊபர்மாலுங்’ என்பார்கள். தமிழில் ‘மேல்தீட்டல்’ என்று சொல்லலாம். ‘அழித்தல்’ என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் கருத்து. காரணம் பின்னால் வருகிறது.

அவருடைய இளமைக் காலம் எப்படி இருந்தது?

நாஜி ஆட்சி தன் வருங்கால அதிகாரிகளை வார்த்தெடுப்பதற்காகத் தனி உறைவிடப் பள்ளிகளை நடத்திவந்தது. பாடனுக்கு அருகில் டிரைஸ்கிர்ஹன் என்ற ஊரில் இருந்த அத்தகைய பள்ளியொன்றில் 1940 முதல் 1944 வரை ரைனர் படித்தார். இயற்கையைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும் என்று ஓவிய ஆசிரியர் வற்புறுத்தியதை ஏற்க முடியாமல் அங்கிருந்து வெளியேறினார். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் அப்படிப்பட்ட பள்ளியை ஓவிய வகுப்பின் பொருட்டு விட்டான் என்பதை நிறுத்திப் படிக்க வேண்டும்.

1945இல் சோவியத் படைகள் வியன்னாவை நெருங்கியபோது, சைக்கிளில் ஏறித் தெற்கே கரிந்தியா மாநிலத்திலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்ததும் நான்கு வல்லரசுகள் ஆஸ்திரியாவைப் பங்கிட்டுக்கொண்டதில் கரிந்தியா பிரிட்டிஷ் வசம் வந்தது. அதனால் ஒரு நன்மை விளைந்தது. 1947இல் அம்மாநிலத் தலைநகரான கிளாகன்ஃபுர்ட்டில் பிரிட்டிஷ் கவுன்சில் ஒரு கண்காட்சி நடத்தியது. பால் நாஷ், ஹென்றி மூர், பிரான்சிஸ் பேக்கன் முதலியோரின் படைப்புகளை ரைனர் அங்கே கண்டார். தற்காலக் கலை என்பதை அவர் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

அவர் கலைக்கல்லூரியில் படித்தாரா?

படித்தார், மொத்தம் நான்கு நாள். ஃபில்லாஹ் நகரத் தொழிற்பள்ளியில் படிப்பை முடித்துக்கொண்டு 1949இல் வியன்னாவுக்கு வந்தவர், அங்கிருந்த பயன்கலைக் கல்லூரியில் சேர்ந்து, ஒரே நாளில் உதவி ஆசிரியர் ஒருவருடன் தகராறு செய்துகொண்டு விலகினார். அடுத்து வியன்னா நுண்கலை அகாதெமியில் சேர்ந்தார். அங்கே தாங்கியது மூன்று நாள். அவருடைய படங்களைச் ‘சீரழிந்தவை’ என்று சொன்னார்கள். நவீன ஓவியங்களைக் கைப்பற்றி எரிக்கவும் விற்கவும் நாஜிகள் சூட்டிய பெயர் அது. ஆட்சி கவிழ்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் வகுப்பறையில் புழங்கியது என்பதிலிருந்தே, போருக்குப் பிந்தைய வியன்னாவில் இளம் ஓவியர்கள் எதை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

‘நாய்க்குழு’ என்றால் என்ன?

1950இல் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ், ஆரிக் பிராவர், மரியா லாஸ்னிக் முதலிய இளைஞர்களுடன் சேர்ந்து ரைனர் தொடங்கிய குழு. ஏற்கெனவே இருந்த கலைஞர் சங்கத்தின் சர்ரியலிசம்கூட, அதாவது கனவையும் அடிமனத்தையும் தீட்டும் போக்குகூட, அவர்களுக்கு மிகவும் மரியாதையானதாகப் பட்டது. 1951இல் வியன்னாவில் குழுவின் கண்காட்சி திறக்கப்பட்டபோது, வந்திருந்த பார்வையாளர்களைப் பார்த்து ரைனர் வசைமாரி பொழிந்தார். அந்நாளில் அவர் தம் படங்களில் ‘ட்ர்ர்ர்’ என்று கையெழுத்திட்டுவந்தார். உறுமும் நாயின் ஒலி. குழு நீடிக்கவில்லை. சிலர் கனவுலகக் காட்சிகளை நுணுக்கமாகத் தீட்டும் வழியில் சென்று பின்னர் ‘வியன்னாவின் அதீதக் கற்பனை யதார்த்தப் பள்ளி’ என்று பெயர் பெற்றார்கள். ரைனர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்.

அரூப ஓவியத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்?

1951இல் ரைனரும் மரியா லாஸ்னிக்கும் பாரிசுக்குப் பயணம் செய்தார்கள். லாஸ்னிக் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கிளாகன்ஃபுர்ட்டில் 1948இல் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. சர்ரியலிசத்தின் தலைவரான ஆந்த்ரே பிரெதோனைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். பார்த்தார்கள், ரைனருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ஆனால் அதே பயணத்தில் பொல்லாக், டி கூனிங், வோல்ஸ், ஹார்ட்டுங், ரியோபெல் ஆகியோரின் படைப்புகளை ஒருங்கே வைத்திருந்த ஒரு கண்காட்சியைக் கண்டார்கள். உருவத்தைத் துறந்து, கையசைவையும் வண்ணத்தின் வேகத்தையுமே படமாக்கிய ஓவியங்கள் அவை. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

திரும்பியதும் அதே ஆண்டில் இருவரும் கிளாகன்ஃபுர்ட்டில் உருவமற்ற ஓவியங்களுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஆஸ்திரியாவில் இன்ஃபோர்மெல் எனப்படும் வடிவமற்ற ஓவியப் போக்கு இவர்கள் வழியாகத்தான் நுழைந்தது. லாஸ்னிக்கின் பெயர் வெகுகாலம் ரைனருடைய நிழலில் குறிப்பிடப்பட்டது நியாயமன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். தன் உடல் உள்ளிருந்து உணர்வதைத் தீட்டும் வழியை அவர் தாமே கண்டடைந்தார், 2013இல் வெனிஸ் பியன்னாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் பெற்றார்.

மேல்தீட்டல் எப்படித் தொடங்கியது? அதில் அவர் உண்மையில் என்ன செய்தார்?

பாரிசிலிருந்து திரும்பிய பிறகு ரைனர் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பார்த்தார். கோடுகளையெல்லாம் தாளின் நடுவில் குவித்துப் பார்த்தார். 1952இல் ஓவியத்தைக் கைவிடுவதற்காகவே ஓவியம் தீட்டுவது என்ற பொருளில் ஒரு கட்டுரையும் எழுதினார். அடுத்த ஆண்டு பாடனுக்கு அருகே கைன்ஃபார்ன் என்ற சிற்றூரில் ஆளற்றுக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் குடியேறினார். வறுமை. புதுக் கித்தான் வாங்குவதைவிடப் பழைய பொருள் சந்தையில் யாரோ வரைந்த படத்தை வாங்குவது மலிவு. ஆகவே பழைய படங்களின் மேலேயே தீட்டத் தொடங்கினார். இதைச் சொன்னதும் பலர், ‘அப்படியானால் எல்லாம் சிக்கனத்தால் வந்ததுதானே?’ என்று முடித்துவிடுகிறார்கள். சிக்கனம் கித்தானைத் தந்திருக்கலாம். அடியில் இருக்கும் படத்தோடு நடத்திய அந்த நீண்ட பேச்சை அது தந்திருக்க முடியாது.

அவர் ஒரே வீச்சில் வாளியைக் கவிழ்த்து மூடியவர் அல்லர். மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்த பின் இன்னொன்று, மாதக்கணக்கில் இடைவெளி, பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்து மேலும் கொஞ்சம். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த படங்கள் உண்டு. அடியில் உள்ள படத்தில் எந்த இடம் தளர்ந்திருக்கிறது, எது கண்ணை உறுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து அதை மூடிக்கொண்டே போவார். பலமற்ற இடங்கள் எல்லாம் மூடப்பட்டுவிட்டால் கடைசியில் ஒரு ஓரம், ஒரு கீற்று, ஒரு மூலை மட்டும் எஞ்சும். அந்த இடத்தில் கை நிற்கும். கருப்பு விளிம்பு அந்த எஞ்சிய வெண்மையைத் தொடும் இடத்தில் கோடு ஒருபோதும் நேராக இராது. தயங்கித் தயங்கி முன்னேறி, ஓரிடத்தில் நின்றுவிட்டது தெரியும். ஓரங்களில் வழிந்த துளிகளும் அடிப்பூச்சின் நிறங்களும் தெரியும். மூடிய பரப்பு கருப்பாக மட்டுமே இருக்கும் என்பதில்லை. சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் மேல்தீட்டிய படங்களும் இருக்கின்றன.

இதனால்தான் ‘அழித்தல்’ என்ற சொல் பொருந்தாது என்றோம். அழித்தால் அடியில் ஒன்றும் இராது. இங்கே அடியில் ஒரு படம் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்; தெரிவதால்தான் அந்தக் கருமைக்குக் கனம் வருகிறது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டவரைப் பார்த்து அவருக்கு முகம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

யாருடைய படங்களின் மீது தீட்டினார்? அனுமதி பெற்றாரா?

முதலில் தம்முடையவை, பிறகு சந்தையில் வாங்கியவை. பெயர் பரவிய பின் சக ஓவியர்களே தம் படங்களை மேல்தீட்டுவதற்காகக் கொடுத்தார்கள். விக்தோர் வாசரெலி, சாம் பிரான்சிஸ் போன்றோர் அவர்களில் அடங்குவர். அனுமதியின்றிச் செய்ததும் உண்டு. 1961இல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்புர்க் நகரக் கண்காட்சி ஒன்றில், பரிசு பெற்ற வேறொருவர் படைப்பின் மீது எல்லார் முன்னிலையிலும் வண்ணம் பூசினார். வழக்குத் தொடரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அது மேல்தீட்டல் என்ற முறைக்குள் வராது, வெறும் குறும்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். மாதக்கணக்கில் பார்த்துப் பழகாத படத்தை மூடுவதில் அவருடைய முறையின் உயிர் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பிரசங்கியாக இருந்த ஓட்டோ மௌவர் என்ற குருவானவர், 1954இல் பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஓவியக் கூடம் திறந்தார். அரூப ஓவியத்தைக் கிறுக்கல் என்று ஊரே ஏசிய நாளில், யோசெஃப் மிக்ல், வொல்ஃப்கங் ஹொல்லெகா, மார்குஸ் பிராஹென்ஸ்கி, ரைனர் ஆகிய நால்வருக்கும் இடம் கொடுத்தவர் அவர்தான். திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து, புனிதரின் பெயரைக் கூடத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆனபோது, ‘புனித ஸ்தேவானுக்கு அருகில்’ என்று பொருள்படும்படி பெயர் மாற்றப்பட்டது. பெயரிலிருந்து போனவர் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டார். அந்தக் கூடம் அதே பெயரில் இன்றும் அறியப்படுகிறது.

1956 வாக்கில் ரைனர் சிலுவை வடிவப் பலகைகளில் தீட்டத் தொடங்கினார்; வாழ்நாள் முழுவதும் அந்த வடிவத்துக்குத் திரும்பித் திரும்பி வந்தார். தொண்ணூறுகளில் விவிலியப் படங்களின் மீது ஒரு பெருந்தொகுதியை மேல்தீட்டினார். ம்யூன்ஸ்டர் பல்கலைக்கழகம் 2004இல் இறையியலில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஓவியர் ஒருவருக்கு இறையியலில் பட்டம் கிடைப்பது அரிது.

முகம் கோணும் புகைப்படங்களையும் அவர் செய்தாரே, அப்படியானால் அவர் அரூப ஓவியர்தானா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது. 1968 வாக்கில் வியன்னா மேற்கு ரயில் நிலையத்தில் இருந்த, காசு போட்டால் படம் எடுத்துத் தரும் தானியங்கிப் புகைப்படக் கூண்டுக்குள் இரவு நேரங்களில் நுழைந்து, முகத்தைச் சுளித்து, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். படம் வெளியே வந்ததும் ஏமாற்றம். உடம்புக்குள் உணர்ந்த இழுவிசையும் நடுக்கமும் தாளில் இல்லை. ஆகவே அதன் மேல் கோடுகளைக் கீறினார்: இறுகிய நரம்பின் மீது ஒரு கோடு, பிளந்த வாயைச் சுற்றிப் பல கோடுகள். பின்னர் இவற்றுக்கு ‘முகக் கூத்துகள்’ என்று பொருள்படும் பெயர் நிலைத்தது.

தன் முகத்தோடு அவர் நிறுத்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் சிற்பி மெஸ்ஸர்ஷ்மிட் வடித்த, வினோதமாக முகம் சுளிக்கும் தலைகளின் புகைப்படங்கள், இறந்தோரின் முகவார்ப்புகள், செடிகொடிகளின் பழைய அச்சுப்படங்கள் என்று பலவற்றின் மீதும் கீறினார். உருவம் திரும்ப வந்துவிட்டதுபோலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் செயல் மாறவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு படம், அதன் மேல் நகரும் ஒரு கை. வேறுபாடு ஒன்றுதான்: ஐம்பதுகளில் அடிப்படம் ஏறக்குறைய முழுவதும் புதைந்தது, எழுபதுகளில் அது மூச்சுவிடும் அளவுக்கு மேலே இருந்தது.

போதைப்பொருள் உட்கொண்டு தீட்டினார் என்பது உண்மையா?

உண்மை. அறுபதுகளின் நடுவில் மருத்துவர்கள் கண்காணிக்க, மருத்துவமனைச் சூழலில், மாயத்தோற்றம் உண்டாக்கும் பொருள்களை உட்கொண்டு வரைந்தார். அந்நாளைய மனநல ஆராய்ச்சி இத்தகைய சோதனைகளில் மும்முரமாக இருந்தது. மனநோயாளிகள் வரைந்த படங்களையும் அவர் 1963 முதல் சேகரித்து, காலப்போக்கில் பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். இந்தப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை வெறியாட்டக்காரராகச் சித்திரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்கள் அவருடைய சிறந்த படைப்புகளில் சேர்ந்தவையல்ல என்பது எங்கள் மதிப்பீடு.

கையாலும் விரலாலும் தீட்டினாராமே?

1973 வாக்கில், வெறியோடு தீட்டிக்கொண்டிருந்தபோது தூரிகை ஒடிந்துபோக, வண்ணத்தில் கையை விட்டு அப்படியே அறைந்தார் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து விரல், உள்ளங்கை, பாதம் எல்லாம் கருவிகளாயின. அதே பத்தாண்டில் டீட்டர் ரோத் என்ற கலைஞருடன் சேர்ந்து, இருவரும் ஒரே தாளில் மாறி மாறி வரைந்து சண்டைபோட்ட தொகுதிகளும் பிறந்தன.

ஹிரோஷிமா தொகுதி எதைப் பற்றியது?

1982இல், அணுகுண்டு வீழ்ந்தபின் இடிபாடுகளாகக் கிடந்த ஹிரோஷிமாவின் புகைப்படங்களை எடுத்து, அவற்றின் மீது வரைந்த 57 படங்களின் தொகுதி. வேறு இடங்களில் மேல்தீட்டலை விளையாட்டு என்றோ விதண்டாவாதம் என்றோ ஒதுக்கியவர்கள்கூட இதன் முன் வாயடைத்து நின்றார்கள். ஏற்கெனவே அழிக்கப்பட்ட ஒன்றை மேலும் மூட முடியுமா, மூடலாமா என்ற கேள்வி ஒவ்வொரு தாளிலும் இருக்கிறது. கோடுகள் சில இடங்களில் சாம்பல்போலப் படிகின்றன, சில இடங்களில் கட்டுத்துணிபோலச் சுற்றுகின்றன.

அவருக்குக் கிடைத்த மதிப்புகள் யாவை?

காசெல் நகரின் டாக்குமென்டா கண்காட்சியில் 1972, 1977, 1982 ஆகிய ஆண்டுகளில் பங்கேற்றார். 1978இல் வெனிஸ் பியன்னாலேயில் ஆஸ்திரியாவின் சார்பில் காட்சி வைத்தார். அதே ஆண்டு நாட்டின் உயரிய கலை விருதான பெரும் அரசு விருதும் கிடைத்தது. 1984இல் பாரிசின் பொம்பிதூ மையமும் 1989இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகமும் பின்னோக்குக் கண்காட்சிகள் நடத்தின. வியன்னா நகரம் 1974இல் கொடுத்த பரிசின் கதை வேறு: விழாவுக்கு வர மறுத்ததால் பரிசு திரும்பப் பெறப்பட்டது. 1960இல் இயக்குநர் பீட்டர் குபெல்கா அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்டு ஆறரை நிமிடப் படம் ஒன்று எடுத்தார். அதில் ரைனர் ஒரு சட்டகத்தில்கூட இல்லை. வெள்ளைச் சட்டகம், கருப்புச் சட்டகம், இரைச்சல், அமைதி ஆகிய நான்கு மட்டுமே உள்ளன.

1994இல் அவருடைய ஓவியக்கூடத்தில் என்ன நடந்தது?

மூன்று நாளில் விட்டுப்போன அதே அகாதெமியில் 1981இல் ரைனர் பேராசிரியராக அமர்ந்தார். 1994இல் அங்கிருந்த அவருடைய ஓவியக்கூடத்துக்குள் யாரோ புகுந்து, இருபதுக்கும் மேற்பட்ட படங்களின் மீது கருப்பு வண்ணம் பூசிவிட்டுப் போனார்கள். விசாரணையில் சந்தேகம் ஓவியர்மீதே திரும்பியது. தாமே செய்துகொண்டு நாடகம் ஆடுகிறாரோ என்று கேட்டார்கள். குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை. மனம் கசந்த ரைனர், மறு ஆண்டே தாமாக விருப்ப ஓய்வு பெற்றார்.

செய்தித்தாள்கள் இதைக் கேலிக்குரிய செய்தியாக்கின: மூடியவரின் படத்தையே மூடிவிட்டார்கள் என்று. வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டு கருமைகளும் ஒன்றல்ல. ஒன்று நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்த கை. மற்றது நிற்க வேண்டிய இடமே இல்லாத கை.

இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

கருப்புப் பூசுவதை யாரும் செய்யலாம். சோதித்துப் பார்ப்பதும் எளிது: வீட்டிலுள்ள ஒரு பழைய நாள்காட்டிப் படத்தை எடுத்து, பத்தில் ஒன்பது பங்கை மூடி, எஞ்சிய ஒரு பங்கு பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து நிறுத்தும்படி விட்டுவிடுங்கள். எந்த ஓரத்தை விடுவது என்று முடிவு செய்வதற்குள் அரை மணி நேரம் போய்விடும். விட்ட ஓரமும் பெரும்பாலும் வெறும் மிச்சமாகவே தெரியும்.

அவருடைய படங்களை எங்கே பார்க்கலாம்?

வியன்னாவில் அல்பெர்த்தினா அருங்காட்சியகத்தில் பல படங்கள் உள்ளன. ஆனால் பயணம் போக வாய்ப்புள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது, பிறந்த ஊரான பாடனில் 2009இல் திறக்கப்பட்ட அர்னுல்ஃப் ரைனர் அருங்காட்சியகத்தைத்தான். அது முன்பு பெண்கள் நீராடிய பொதுக் குளியல் மண்டபம். 1821இல் ஷார்ல் மொரோ என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. பளிங்குத் தொட்டிகளை அகற்றாமல் அப்படியே விட்டு, சுற்றுச் சுவர்களில் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அங்கே போனால் ஒரு கருப்புப் படத்தை எடுத்த எடுப்பில் நடுவிலிருந்து பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் பூச்சின் மேடுபள்ளங்களில் சாயும்படி பாருங்கள். அடியில் புதைந்த பழைய படத்தின் தீற்றல்கள் தழும்புகளைப்போலப் புடைத்திருப்பது தெரியும். பிறகு எஞ்சிய மூலைக்கு வாருங்கள்.